ஒரு சாவிக்கு ஒரு ஆள்

சாவிப் பலகை நிறைந்திருந்தது. எங்காவது ஒரு துளை காலியாக இருக்காதா என்று சொட்டு மறுபடி எண்ணினார்.

மற்றவர்களுக்கு அது மகிழ்ச்சியான காட்சி. அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் தரைக்கு அடியில் வட்டமாக ஒரு சுரங்கம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்களை அசுர வேகத்தில் சுற்றவிட்டு மோதவைக்கும் இயந்திரம் அதற்குள்தான் இருக்கிறது. அது ஓடும்போது உள்ளே ஈ, எறும்புகூட இருக்கக் கூடாது, இருந்தால் பிழைக்காது. பராமரிப்பு நாளில் மட்டும் மனிதர்களை உள்ளே விடுவார்கள். போகிறவர்கள் வாசலில் உள்ள பலகையிலிருந்து ஆளுக்கொரு பித்தளைச் சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் அதை அதன் துளையில் செருகித் திருக வேண்டும். ஒரே ஒரு சாவி வெளியே இருந்தாலும் இயந்திரத்தை ஆண்டவனே வந்தாலும் ஓட்ட முடியாது. எல்லாச் சாவியும் திரும்பிவிட்டால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். பலகைக்கு மேலே சிவப்பு எழுத்தில், 'ஒரு சாவிக்கு ஒரு ஆள்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

சொட்டுவின் சாவிக்கு இரண்டு ஆள். ஒருவர் சொட்டு. இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. அவன் இன்னும் வெளியே வரவில்லை.

சொட்டு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. இயந்திரத்தின் காந்தங்களைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் சுரங்கம் முழுக்க ஓடுகிறது. அதில் எங்கே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மச்சினன் ஏசி மெக்கானிக். போன மாதம்தான் சொட்டு யார் யார் கையையோ காலையோ பிடித்து அவனை இங்கே சேர்த்துவிட்டிருந்தார். சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஒரு குறையும் வைக்காத பிள்ளை. பேருந்தில் நின்றுகொண்டே அவன் தூங்கியதைச் சொட்டு கண்ணால் பார்த்திருக்கிறார். தாய் போன பிறகு அக்காதான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். "அந்தப் பள்ளத்துக்குள்ள அவன விட்டுட்டு வந்துராதீங்க. அவனுக்கு ஒரு வெவரமும் பத்தாது" என்று காலையில் தெருமுனை வரை வந்து சொல்லி அனுப்பினாள். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொட்டு பெரிய மனுஷத்தனமாகக் கையை ஆட்டிவிட்டு வந்திருந்தார்.

பராமரிப்பு நாள் என்பதால் ஆள் கூட்டம் அதிகம். மச்சினன் வரும்போது பலகையில் சாவி தீர்ந்துவிட்டது. "மாமா, ஒரே ஒரு ஃபில்டரத் துடைக்கிற வேலை. உங்க சாவியிலயே ஒட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று காதோரம் கெஞ்சினான். அப்படி ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படிப் போய் மாட்டிக்கொண்ட வெல்டர் ஒருவரும் அவரைக் கூட்டிப்போனவரும் அன்றைக்கே வேலையை இழந்ததும் உண்டு. சொட்டுவுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனாலும் மச்சினன் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது.

உள்ளே போய் அவர் வலப்பக்கம் கசிவைத் தேடிப் போனார். அவன் இடப்பக்கம் காற்றுக் குழாயின் ஃபில்டரைத் தேடிப் போனான். வாசலுக்கு உட்புறம் சந்திப்பதாகப் பேச்சு. சொட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்தால் அவனைக் காணவில்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் பூட்டு மேடம் என்று பெயர். இவர் ஒருவரால் அத்தனை விஞ்ஞானிகளும் காத்திருப்பதாகக் கடிந்துகொண்டு, இவர் கழுத்திலிருந்த சாவியைத் தானே கழற்றி, தானே பலகையில் செருகித் திருகினார்.

சொட்டுவுக்கு வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. திறந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். திறக்காவிட்டால் ஓர் உயிர் போகும். ஆனால் உடனே போகாது. இயந்திரத்தைப் போடுவதற்கு முன்னால் தேடுகிற ஆட்கள் இருவர் சுரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பார்த்தாலும் வேலை போகும் என்பதை மனசு அப்போதைக்குச் சொல்லவில்லை.

போனில் கூப்பிட்டுப் பார்த்தார். நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். பின்வாசலுக்குக் கூப்பிட்டார். வட்டத்தின் அந்தப் பக்கத்தில், சாமான் ஏற்றி இறக்குவதற்காக இருக்கும் வாசல் அது. அந்தப் பக்கம் யாராவது வெளியே வந்தார்களா என்று கேட்டதற்கு, இது சாமான் போகிற வழி, ஆள் போகிற வழி இல்லை, அப்படியெல்லாம் ஒருவரையும் விடமாட்டேன் என்று காவலர் கொஞ்சம் அதிகமாகவே கோபித்துக்கொண்டார்.

தேடப் போனவர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள். உள்ளே யாரும் இல்லையாம். காற்றுக் குழாய்க்குள் பார்த்தீர்களா என்று சொட்டு பட்டும் படாமல் கேட்டார்.

"அதுக்குள்ள போய் எவண்ணே படுப்பான்?" என்றான் ஒருவன்.

சொட்டுவுக்கு அப்படி ஓர் ஆளைத் தெரியும். ஃபில்டரைக் கழற்றினால் பின்னால் ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் இருக்கும். குளிர்ந்த காற்று வேறு வரும். மச்சினன் அங்கே கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விடுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"மேடம், காத்துக் குழாய்க்குள்ள எலி இருக்கு" என்றார் சட்டென்று.

எலி என்றால் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்ப்பார்கள், மச்சினன் அகப்படுவான், அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. மேடத்துக்கு முகம் மாறிவிட்டது. எலி கம்பியைக் கடித்தால் பராமரிப்பு செய்ததெல்லாம் வீண். ஆனால் அவர் எதையும் திறக்கச் சொல்லவில்லை. கிடங்கில் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்த ஆளைப் போனில் கூப்பிட்டார். அந்தப் புகைக்காரர் தள்ளுவண்டியில் சிலிண்டரோடு உற்சாகமாக வந்து சேர்ந்தார்.

"ஒரே அமுக்கு. உள்ள எது இருந்தாலும் அப்படியே படுத்துடும்" என்றார். பிறகு சொட்டுவைப் பார்த்து, "எலி எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டார்.

சொட்டு ஒரு சாண் காட்டலாம் என்றுதான் கையைத் தூக்கினார். கை தானாக விரிந்துகொண்டே போனது. புகைக்காரர் கண்ணை அகல விரித்துவிட்டு, அப்படியானால் இரண்டு சிலிண்டராகப் போட்டுவிடுவோம் என்று இன்னொன்றைக் கொண்டுவர ஓடினார்.

இனி பொறுக்க முடியாது. புகை எல்லாம் வேண்டாம், தானே உள்ளே போய்ப் பிடித்துவிடுவதாகச் சொட்டு மேடத்திடம் மன்றாடினார். தண்ணீர்க் குழாய்க்காரருக்கு எலி மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று மேடத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் நேர்மையான ஆள் என்று பெயர் எடுத்தவர், போகட்டும் என்று ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். நேர்மையான ஆள் என்றதும் சொட்டுவுக்கு அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

சுரங்கத்தில் காற்றாடிகளின் இரைச்சல். தன் குரலே தனக்குக் கேட்காத இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. ஃபில்டர் இருந்த இடத்துக்கு ஓடினார். அது பளிச்சென்று துடைத்து மாட்டப்பட்டிருந்தது. கழற்றிப் பின்னால் டார்ச் அடித்தார். காலி. அடுத்ததைக் கழற்றினார். அதுவும் காலி. படுத்துப் புரண்டு எந்த இருட்டுக்குள் போய்ச் சேர்ந்தானோ என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் ஓங்கித் தட்டினார். காதைக் குழாயில் வைத்துக் கேட்டார்.

எங்கிருந்தோ பதிலுக்குத் தட்டும் சத்தம் வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது, இந்த முறை இன்னும் அவசரமாக. உயிரோடுதான் இருக்கிறான். எங்கேயோ மாட்டிக்கொண்டு, வெளியே வர முடியாமல், குழாயைத் தட்டி உதவி கேட்கிறான். சொட்டு சத்தம் வந்த பக்கம் ஓடினார். நின்று தட்டிக் கேட்டால் அது இன்னும் தள்ளிப் போயிருந்தது. மறுபடி ஓடினார். அது மறுபடி தள்ளிப் போனது. வளைந்துகொண்டே போகும் சுரங்கத்தில் முன்னாலும் சுவர்தான் தெரிந்தது, பின்னாலும் சுவர்தான் தெரிந்தது. குழாய்க்குள் அவனைக் காற்று இழுத்துக்கொண்டு போகிறதோ என்றுகூட நினைத்தார். புத்தி வேலை செய்கிற நிலையில் இல்லை.

அப்போது ஒலிபெருக்கி மேடத்தின் குரலில் அவரை உடனே வெளியே வரச் சொன்னது. வரவில்லையென்றால் புகையைத் திறந்துவிடுவோம் என்றும் சொன்னது. சொட்டு சட்டையெல்லாம் நனைந்துபோய் வாசலுக்கு வந்தார். எலி கிடைத்ததா என்று கேட்டார் மேடம்.

"இருக்கு மேடம். உள்ள இருந்து தட்டுது" என்றார்.

எலி எங்கேயாவது தட்டுமா என்று மேடம் சந்தேகப்பட்டார். கம்பியைக் கொறிக்கும்போது அப்படித்தான் கேட்கும் என்று புகைக்காரர் தொழில் அனுபவத்தோடு விளக்கினார். அவர் சிலிண்டரின் மூடியில் கை வைத்ததும் சொட்டு குறுக்கே விழுந்தார். புகை பட்டால் தன்னுடைய குழாய் இணைப்பு ரப்பரெல்லாம் இளகிப்போய்விடும், நாளைக்கே சுரங்கத்தில் தண்ணீர் நிற்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். குழாய் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மேடம் யோசித்தார்.

"சரி, புகை வேண்டாம். மெஷினப் போட்டுடுவோம். ஓட ஆரம்பிச்சா எலி தானா போயிடும்" என்றார்.

"அதுவும் நல்லதுதான். புகையில மூச்சு முட்டிச் சாகறத விட இது சட்டுன்னு முடிஞ்சிடும், பாவம்" என்று புகைக்காரர் உச்சுக்கொட்டினார். இளகிய மனசுக்காரர்.

மேடம் சாவிக்காகக் கையை நீட்டினார். அது உள்ளே எங்கேயோ விழுந்துவிட்டது என்றார் சொட்டு. மேடம் அவர் கழுத்தைப் பார்த்தார். சாவி அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பலகை மறுபடி நிறைந்தது. கதவு பூட்டப்பட்டது. மேடம் பின்வாசல் காவலரைக் கூப்பிட்டு அதையும் பூட்டச் சொன்னார். தேடுகிறவர்களை இன்னொரு முறை அனுப்பலாமே என்று சொட்டு கெஞ்சிப் பார்த்தார். ஏற்கெனவே தேடியாயிற்று, அதற்குப் பிறகு உள்ளே போனவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் வந்துவிட்டீர்கள் என்றார் மேடம். அபாயச் சங்கு அலற ஆரம்பித்தது. அது நின்றதும் இயந்திரம் ஓடும்.

சங்குச் சத்தத்துக்கு நடுவே சொட்டுவுக்கு மனைவியின் முகம்தான் தெரிந்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தம்பி எங்கே என்று அவள் கேட்டால் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது? எல்லா வாசலிலும் இருப்பதுபோல பலகைக்குப் பக்கத்துச் சுவரிலும் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது. காரணமில்லாமல் அதை அழுத்துகிறவர் அத்தோடு வீட்டுக்குப் போகலாம். சொட்டு மேடத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, இரண்டு கையாலும் அதை அழுத்தினார்.

சங்கு நின்றது. அவர் கை படுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே நின்றுவிட்டதுபோல இருந்தது. அதையெல்லாம் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"எலி இல்ல மேடம். என் மச்சினன். என் சாவியிலதான் கூட்டிட்டுப் போனேன். தட்டினது அவன்தான். என்னை என்ன வேணா பண்ணுங்க, அவன மட்டும் வெளிய எடுத்துக் குடுத்துருங்க."

புகைக்காரர் சிலிண்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, சொட்டு கை விரித்துக் காட்டிய அளவை நினைத்து எச்சில் விழுங்கினார். மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் திட்டவில்லை. பலகையிலிருந்து ஒரு சாவியை உருவித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போதுதான் சுவரிலிருந்த போன் அடித்தது. மேடம் போனின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். பின்வாசல் காவலர் பேசினார், குரலில் முன்பு இருந்த கோபம் துளியும் இல்லை.

"மேடம், மெஷினப் போட்டுடாதீங்க, என்னையும் மன்னிச்சுக்கங்க. நான் காலையில இந்தப் பக்கமா வெளிய விட்ட ஏசி மெக்கானிக் தம்பி, மாமாவ இன்னும் காணோம்னு திரும்பவும் உள்ள போய்ட்டு, நான் கதவப் பூட்டப் போகையில ஓடி வந்து, செவப்புப் பொத்தான அமுக்கிட்டு என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுவுறான். அவனோட மாமா எங்கயோ உள்ள மாட்டிக்கிட்டு குழாயத் தட்டித் தட்டிக் கூப்பிடறாராம், அக்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேக்குறான்."