லேபிள் அண்ணாச்சியும் அம்மாவின் மிட்டாயும்

பின்பக்க லேபிளைத் திருப்பிப் படிக்காமல் ஒரு பொருளையும் கைமாற்றாத மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில், எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் இருக்கிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. லேபிள் அண்ணாச்சி என்றால் ஆட்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

தலைவலி மாத்திரை கேட்டுப் போனால், அவர் அட்டையைப் படித்து முடிப்பதற்குள் வலி தானாகவே போய்விடும். ஒருமுறை சூயிங்கம் வாங்க வந்தவரை நிறுத்தி, "சைலிட்டால் போட்டுருக்கான். பல்லுக்கு நல்லது. வீட்ல நாய் இருக்கா? அதுக்குக் குடுத்துராதீய, உயிருக்கே ஆபத்து" என்றார். நாயே இல்லாத அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். நானும் அவசரமென்றால் அடுத்த தெருக் கடைக்குப் போகிற ஆள்தான்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கடலைமிட்டாய் தின்றே வளர்ந்தவர், டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டார். அந்த ஏக்கத்தைப் பார்க்கப் பொறுக்காமல், நான் வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து சர்க்கரை சேர்க்காத மிட்டாய் டப்பாக்களைப் பார்சலில் அனுப்ப ஆரம்பித்தேன். மகன் அனுப்பியது என்று அம்மா அதை ஆசை ஆசையாகத் தின்றார்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் நிற்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். எல்லாப் பரிசோதனையும் பார்த்த டாக்டர், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். லீவு போட்டு மனைவியோடு ஓடிவந்தேன். நாங்கள் எல்லோரும் பயந்த வியாதியின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா பீரோ சாவியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டார்.

மதுரைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், அண்ணாச்சியிடம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கப் போனேன்.

"யாருக்கு தம்பி?"

"அம்மாவுக்கு. மூணு மாசமா வயித்தால போவுது."

"புதுசா என்ன திங்காவ?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான் அனுப்புத சர்க்கரை இல்லாத மிட்டாய்தான்."

"அந்த டப்பாவக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். லென்சை எடுத்தார்.

"மால்டிட்டால், சார்பிட்டால்... சர்க்கரைக்குப் பதிலாப் போடுத இனிப்பு. கீழ பாருங்க. அளவுக்கு மேல தின்னா வயித்தால போகும்னு எறும்பு சைசுல போட்டுருக்கான். ஒரு நாளைக்கு எத்தன திங்காவ?"

"பத்து, பன்னெண்டு இருக்கும்."

அண்ணாச்சி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"மலச்சிக்கலுக்கு உள்ள மருந்து. இதுலயும் இதே வகையறாதான். நான் மூடியில அளந்து குடிக்கச் சொல்லுதேன், நீங்க டப்பா டப்பாவா அனுப்பியிருக்கீய! மிட்டாய இன்னைக்கே நிறுத்துங்க. டாக்டர்ட்ட சொல்லிட்டு, அவிய சொல்லுதபடி கேளுங்க."

விஷயத்தைக் கேட்ட டாக்டர் மதுரைப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. அப்புறம் மதுரைக்குப் போகத் தேவையே வரவில்லை. அம்மாவைக் காப்பாற்றியது அண்ணாச்சி. படுத்தி எடுத்தது நான்.

உடம்பு தேறியதும் அம்மா கழுகுமலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அர்ச்சனைத் தட்டை நீட்டி, "லேபிள் அண்ணாச்சி பேருக்குப் பண்ணுங்க சாமி" என்றார்.

அர்ச்சகர் திகைத்துப்போய், "நட்சத்திரம்?" என்று கேட்டார்.

அம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவன் நட்சத்திரத்தையே சொல்லிருங்க. அவியளும் எனக்குப் பிள்ளைதான்" என்றார்.