ராக்கெட் படத்துக்கு நான் சொன்ன கதை

ஆங்கிலப் படத்தை வசனம் வசனமாகப் புரிந்துகொண்டு பார்க்கிறவன் என்று நாமக்கல் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான். ஆங்கிலம் அச்சில் இருந்தால் நிதானமாகப் படித்து அர்த்தம் சொல்லிவிடுவேன். அதையே ஒருவர் வாயைத் திறந்து பேசினால் எனக்கு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுகிற சத்தம்தான் கேட்கும். இதை வெளியில் சொல்லாமல் இருபத்தாறு வயது வரை ஓட்டிவிட்டேன். மிச்ச வாழ்க்கையையும் ஓட்டியிருப்பேன். ராக்கெட் ஆசை கெடுத்துவிட்டது.

அந்த ஆசை எட்டாம் வகுப்பில் பிடித்தது. கடைவீதி வாடகை நூல்நிலையத்தில் பையன்களுக்கான மாயாஜால நாவல்கள் வரிசையாக இருக்கும். அட்டையில் மூன்று தலை நாகம் ஒன்று நெருப்பைக் கக்கும். எதிரில் என் வயதுப் பையன் வாளோடு நிற்பான். உள்ளே புரட்டினால் நூற்றைம்பது பக்கத்துக்கு அந்தப் பையன் சித்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். கடைசியில் அவன் இளவரசன் என்று தெரிந்து எல்லோரும் அழுவார்கள். நாகம் வராது. (ஒரு தலையாவது எட்டிப் பார்க்கும் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தவன் நான்.) அதை விட்டு விண்வெளிக் கதைகளுக்கு மாறினேன். அங்கே சந்திரனில் இறங்கிக் கதவைத் திறக்கும் நேரத்துக்குக் கதாநாயகன் படுக்கையில் கண் விழிப்பான். அத்தனையும் கனவு.

இத்தனை ஏமாந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த கதையில் வரும், அடுத்த படத்தில் காட்டுவார்கள் என்றே இருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் சாந்தாமணி, பரமத்தி வேலூர். மாமனாருக்குக் காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால். அதிகம் பேசாத மனிதர். பேசினால் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்.

தலை ஆடி நோம்பிக்கு மாமியார் வீட்டுக்குப் போனோம். கச்சாயம் சுட்டுப் போட்டார்கள், கோழி அடித்தார்கள். மூன்றாம் நாள் மாமனார் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ளைக்குப் பொழுது போகாதுங்க. எங்கீங்காச்சும் போய்ட்டு வரலாம்னா சொல்லுங்க."

நாமக்கல் பஸ் நிலையச் சுவரில் ஓர் ஆங்கிலப் படத்தின் போஸ்டரை நான் ஏற்கெனவே நான்கு முறை நின்று பார்த்திருந்தேன். சிவந்த கிரகம், பிளந்த பாறை, பனைமர உயரத்தில் ஒரு பச்சை மிருகம், அதன் கையில் நசுங்கிய ராக்கெட். சேலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், எடுத்தவர்களே மறந்திருப்பார்கள்.

"சேலத்துல ஒரு இங்கிலீஷ் படம் வந்திருக்குதுங்க மாமா. வேற கிரகத்துக்குப் போறது. நாலு பேருமே போலாம்."

"இங்கிலீசு எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார் மாமியார்.

"நான் இருக்கறனுங்க அத்தை. கூடக்கூடச் சொல்லிட்டே வாரேன்."

சாந்தாமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணவனைப் பற்றிய பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

மாமனார் அன்றைக்குக் கொடிக்காலுக்குப் பாய வேண்டிய தண்ணீர் முறையைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை என்று மாமியார் சொன்னார். பட்டுக்கரை வேட்டி, தேய்த்த சட்டை. மாமியார் தூக்குப்போசியில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டார். நான் பெல்பாட்டம் போட்டிருந்தேன் (அதில் இன்னும் இரண்டு பேர் நடக்கலாம்). சேலம் வரை இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் நின்றபடியே சனிக்கிரகத்தின் வளையம், எடையில்லாமல் மிதப்பது, வானம் கறுப்பாக இருப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். கண்டக்டர்கூட நின்று கேட்டார்.

பால்கனியில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்வரிசையில் எடப்பாடியிலிருந்து வந்த தறிக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. ராக்கெட் என்று ஒன்று வந்தது. வெளியில் பார்க்கப் பால் கேனைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. உள்ளே தலைக்கு மேல் நான்கைந்து விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. யாரும் மிதக்கவில்லை. தாலுகா ஆபீசில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். பிறகு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள், பேசினார்கள், அரை மணி நேரம் பேசினார்கள்.

எனக்குக் கேட்டது 'கேப்டன்', 'நோ', 'ஓகே' ஆகிய மூன்று சொற்கள்.

"என்னங்க மாப்ள சொல்றாங்க?" என்று மாமனார் பக்கத்தில் சாய்ந்தார்.

கேப்டன், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு டாக்டர் பெண்ணிடம் கோபமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் மஞ்சள் முடி. "அண்ணன் தங்கச்சிங்க மாமா," என்றேன். காதலர்கள் என்று சொல்ல மாமியார் முன்னால் வாய் வரவில்லை என்பதும் ஒரு காரணம். "இவங்க அப்பா இருபது வருசத்துக்கு முன்னாடி அந்தக் கிரகத்துக்குத் தண்ணி பாக்கப் போனவருங்க. திரும்பி வரலை. தேடிப் போறாங்க."

தண்ணி என்றதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க எத்தன அடியில தண்ணிங்க?"

"அதைத்தான் பேசிக்கறாங்க."

கேப்டன் ஒரு மோதிரத்தை எடுத்து அவளிடம் கொடுத்தான். "அப்பா மோதிரமுங்க. ஆளைக் கண்டுபிடிக்க அடையாளம்." மூலையில் ஒரு வழுக்கைத் தலையர் முறைத்துக்கொண்டிருந்தார். "அவருதான் சித்தப்பா. சொத்துக்கு ஆசப்பட்டு உள்ளுக்குள்ள கெடுதல் பண்ணிட்டிருக்கறாரு."

பின்வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டார். தலையில் துண்டு கட்டியிருந்தார். "சார், சித்த சத்தமாச் சொல்லுங்க. எங்களுக்கும் கேக்கட்டும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கோ மேடை கிடைத்துவிட்டது.

ராக்கெட் இறங்கியது. அந்தச் சிவந்த கிரகம் ஒரு கல்லுக்குழி. சிவப்புக் கண்ணாடி வழியாக எடுத்திருந்தார்கள்.

"சங்ககிரி மலைப்பக்கமாட்ட இருக்குதுங்க," என்றார் மாமனார். குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். பதின்மூன்று வருடமாக நான் போக நினைத்திருந்த இடம் அது. பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய இடமாக அதைக் காட்டிவிட்டார்கள். காற்றில்லாத கிரகத்தில் தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு நடந்தார்கள். அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் என் பக்கத்தில் தண்ணீர் முறையை விட்டுவிட்டு வந்த ஒரு மனிதர், கண்ணை இமைக்காமல், காணாமல் போன ஒரு தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தார்.

வழுக்கைத் தலையர் திடீரென்று மற்றவர்களைக் காப்பாற்றப் பாறைக்கடியில் தன் உயிரையே கொடுத்தார்.

"ஏனுங்க சார், கெட்டவருன்னீங்க?" என்றார் துண்டுக்காரர்.

"மனசு திருந்திட்டாருங்க."

"பரவால்லீங்க, நல்ல குடும்பம்," என்று அவர் பக்கத்தாளிடம் சொன்னார்.

பிறகு மிருகம் வந்தது. பனைமர உயரமெல்லாம் இல்லை. என்னைவிட நாலு விரல் உயரம். பச்சை ரப்பர் தோல் முழங்காலில் காலுறை போலச் சுருங்கித் தொங்கியது. அது திரும்பியபோது கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு ஜிப் தெரிந்தது.

"முதுகுல என்னமோ தெரியுதுங்களே மாப்ள."

"முதுகெலும்புங்க மாமா."

"எலும்பு பாதி தொறந்து கெடக்குதுங்க சார்," என்றார் துண்டுக்காரர்.

படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். மிருகத்தைச் சுட்டுவிட்டார்கள். அது கீழே விழுந்து ஒரு கையை மட்டும் தூக்கியது. அப்போது மாமியார் முதல்முறையாகக் கேட்டார்.

"அப்ப அவங்க அப்பாரு எங்கீங்க?"

பின்வரிசை முழுவதும் முன்னால் சாய்ந்தது. தகப்பனை நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் ஒப்படைக்க வேண்டும். திரையில் வேறு ஆளே இல்லை.

"அதுதானுங்க அத்தை, அவங்க அப்பா," என்றேன். "இருவது வருசம் அந்த ஊர்த் தண்ணியக் குடிச்சு இப்படி ஆயிட்டாரு. பெத்த புள்ளைங்களுக்கே அடையாளம் தெரியலை. அவருக்கு மட்டும் தெரிஞ்சுது. அதான் கையத் தூக்கறாரு."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மாமனார், "பாவம் பெரியவரு," என்றார். கேப்டனும் டாக்டரும் மிருகத்தின் மேல் குனிந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அது என் கதைக்குப் பொருத்தமாகவே இருந்தது. என்னையே நான் மெச்சிக்கொண்ட அந்த நொடியில் இரண்டு பேரும் முத்தமிட ஆரம்பித்தார்கள்.

சின்ன முத்தம் இல்லை. கேமரா நெருங்கிப் போனது. வயலின் வாசித்தார்கள்.

மாமியார் குனிந்து தூக்குப்போசி மூடியைத் திருகினார். மாமனார் கூரை மின்விசிறியைப் பார்த்தார். துண்டுக்காரர்தான் கேட்டார்.

"சார், அப்பன் செத்துக் கெடக்கறான். இதுங்க என்ன சார் பண்ணுதுங்க?"

காலையிலிருந்து வாய் திறக்காத சாந்தாமணி அப்போதுதான் திரும்பினாள்.

"அவங்க அண்ணன் தங்கச்சி இல்லீங்க," என்று அம்மாவுக்கும் பின்வரிசைக்குமாகச் சொன்னாள். "கட்டிக்கப் போறவங்க. மொத சீன்ல குடுத்தது நிச்சயதார்த்த மோதரம். அந்த வழுக்கைத் தலைக்காரரு டாக்டரோட வாத்தியாரு. அது வெறும் மிருகம். யாரோட அப்பாவும் இல்லை."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். (அந்த ஒரு நாள் மட்டும் விளக்குப் போடாமல் இருந்திருக்கலாம்.) சாந்தாமணி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பது எனக்குத் தெரியும். அங்கே எந்த மொழியில் பாடம் நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

படியிறங்கும்போது துண்டுக்காரர் என் கையைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மிணி சொன்னது நெசமா இருக்கலாமுங்க. நாங்க ஊர்ல போய் நீங்க சொன்னதைத்தான் சொல்லப்போறோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ராசிபுரம் வரை மாமனார் பேசவில்லை. மாப்பிள்ளை என்ற பதவி போயிற்று என்று நான் முடிவுகட்டி, ஜன்னல் வழியே மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி இருந்தேன். ராசிபுரம் தாண்டியதும் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, அந்தத் தண்ணியில என்னங்க இருந்திருக்கும்? உப்பா, இல்ல வேற எதுனாச்சுங்களா?"

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவர் இன்னும் அந்தப் பெரியவருடனேயே இருந்தார். முன்சீட்டில் சாந்தாமணியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்ததும் கேட்டேன். "எல்லாம் புரிஞ்சுதில்ல, ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தனுங்க. அவங்க பேசினது ஒண்ணும் நல்லால்லை. நீங்க சொன்னது நல்லாருந்துச்சு. அந்த அப்பா வருவாரா மாட்டாரான்னு நானும் பாத்துட்டே இருந்துட்டேன்," என்றாள். "முத்தம் மட்டும் குடுக்காம இருந்திருந்தா நான் பேசியிருக்கவே மாட்டேன்."

அதன்பின் எத்தனையோ விண்வெளிப் படங்கள் பார்த்துவிட்டேன், எல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து. இப்போதெல்லாம் அவள்தான் எனக்கு அர்த்தம் சொல்கிறாள். படங்கள் மட்டும் முன்போலவே ஏமாற்றுகின்றன.

மாமனார் வெற்றிலை மண்டியில் அந்தக் கதையை என் வடிவத்திலேயே பல வருடம் சொன்னார். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் வெளியூர் வேலைக்குக் கிளம்பினாலும், "அங்கத்த தண்ணியப் பாத்துக் குடி சாமி," என்று ஒருவர் சொல்ல, சுற்றி நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. என் மகள் வேலை கிடைத்து அமெரிக்கா கிளம்பியபோது அவளுடைய அம்மிச்சி, எண்பதைத் தாண்டிய என் மாமியார், அவளைத் தனியே கூப்பிட்டு அதையே சொன்னார், சிரிக்காமல் சொன்னார். போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து மகள் போன் செய்தாள். நான் எடுத்தேன். சௌக்கியம்கூடக் கேட்கவில்லை.

"அம்மிச்சிகிட்டச் சொல்லீருங்கப்பா," என்றாள். "தினமும் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்கறேன். முதுகுல இன்னும் ஜிப் மொளைக்கலை."