பொருள்: பசி தொடர்பாக

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பொதுநலன் கருதி, பெருநகரத்துக்குப் பயணம் மேற்கொள்வார். தலைமை அலுவலகத்தில் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்துக் கலைந்துவிடுவார்கள். பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றேகாலுக்குள் முடிந்துவிடும்.

அதற்கப்புறம்தான் அவருக்குப் பொதுநலன் ஆரம்பம். மேம்பாலத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இத்தாலிய உணவகம் ஒன்று இருந்தது. எட்டே மேஜை. விறகு அடுப்பிலிருந்து ஓரம் லேசாகக் கருகிய பீட்சா வரும். தக்காளியும் பூண்டும் ஒட்டிக்கொண்ட பாஸ்தா வரும். கடைசியில், காபியில் ஊறிய டிராமிசு என்ற இனிப்பு. முதல் கரண்டி வாய்க்குள் போனதும் கண்ணை மூடிக்கொள்வார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் மனதாரச் சந்தோஷப்பட்டது அந்த மேஜையில்தான்.

"வீட்டுல உப்பு கம்மி, புளிப்பு ஜாஸ்தின்னு ஆயிரம் நொட்டை சொல்ற மனுஷன், அங்க கருகினதக் குடுத்தா கண்ண மூடிக்கிறாராம்" என்பாள் மனைவி.

இந்த நேரத்தில் புது இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்த கையோடு ஒரு சுற்றறிக்கை: பயணம் மேற்கொள்ளும் அலுவலர் அங்கே கற்றது யாது, அதை இங்கே எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம் என்று அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் இனிப் பயணம் கிடையாது.

கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பெருநகரத்தில் அவர் கற்றது சாப்பாடு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதையே, சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டு, எழுதினார். 'ஒரு முன்னோடி நிறுவனத்தில் வருவோர் வாசலிலேயே வரவேற்கப்படுகின்றனர். மேஜையில் மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. கிடைப்பவை யாவை என்று அட்டை தரப்படுகிறது. அனைத்தும் அவசரமின்றி ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்படுகின்றன. இறுதியில் கருத்துப் புத்தகம் நீட்டப்படுகிறது.'

இயக்குநர் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இவ்வளவு நாளா இத ஏன்யா சொல்லல? திங்கட்கிழமையிலேர்ந்து நாமளும் பண்றோம்."

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் தையல்கடை அம்மா. புது இணைப்புக்கு விண்ணப்பித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. காவலாளி தலைகுனிந்து வரவேற்றார். குமாஸ்தா மெழுகுவர்த்தி ஏற்றினார். கண்காணிப்பாளர் தாமே அட்டையை நீட்டினார்.

"இன்னிக்கு ஸ்பெஷல் பெயர் மாற்றம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"எனக்கு என் பேரே போதுங்க. தண்ணி வேணும்."

"அது கடைசியா வர்ற அயிட்டம். மொதல்ல சின்னதா ஒரு உறுதிமொழிப் படிவம் எடுத்துக்குங்க."

"சார், வீட்டுல குழாய் இல்ல. தினம் அடுத்த தெருவுலேர்ந்து நாலு குடம் தூக்கறேன்."

"அப்படியா? இல்லன்னு எழுத்துல குடுங்க."

அந்த அம்மா எழுதிக் கொடுத்தார். எழுதியதில் இணைப்புத் தாள் இல்லை என்று மிகுந்த பணிவோடு திருப்பித் தந்தார்கள். பிறகு கருத்துப் புத்தகம் வந்தது. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, 'மெழுகுவத்தி நல்லா எரிஞ்சது' என்று எழுதினார்.

ஒரே மாதத்தில் புத்தகம் நிறைந்தது. குறை என்று ஒருவரும் எழுதவில்லை. இணைப்பு என்று ஒருவருக்கும் கிடைக்கவில்லை. துறைக்கு விருது கிடைத்தது.

விருது வாங்கிய மறுநாள் இயக்குநர் சொன்னார்: "அடுத்த பயணம் நானே போறேன். அந்த நிறுவனத்த நேர்ல பாக்கணும். விலாசம் குடுங்க."

கண்காணிப்பாளர் விலாசம் கொடுத்தார். அந்த முறை பீட்சா போயிற்று. அதற்கடுத்த முறையும் இயக்குநரே போனதால் போயிற்று. அவர் இளைத்துப்போனார் என்று மனைவியே கவலைப்பட்டாள்.

முதல் பயணம் முடிந்து திரும்பி வந்ததும் இயக்குநர் சொன்னார்: "ஓட்டல்னு நீங்க எழுதல. பரவாயில்ல, நல்ல ஆளுங்க. ஆனா ஒழுங்கே இல்லய்யா! கேட்டவங்களுக்குக் கேட்ட உடனே குடுத்துடறாங்க. உக்காந்து நாலு ஆலோசனை சொல்லிட்டு வந்தேன்."

கடைசியாகப் போய்வந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் கண்காணிப்பாளருக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. பதினொன்றேகாலுக்குக் கூட்டம் முடிந்தது. பதினொன்றரைக்கு அவர் சந்துக்குள் இருந்தார்.

சந்து முழுக்க வரிசை. பணிவான உபசாரம் சலித்துப்போன பெருநகரத்துக்கு இப்படிக் காத்துக் கிடப்பதுதான் இப்போதைய மோகமாம். இளம் ஜோடிகள் டோக்கனைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நாங்க மூணாவது தடவை வர்றோம் அங்கிள். இன்னும் சாப்பிடல. செம அனுபவம்!" என்றாள் ஒரு பெண்.

இரண்டு மணிநேரம் கழித்து அவர் வாங்கிய டோக்கனின் எண் வந்தது. பரிமாறுபவர் கம்பி வலைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு பீட்சா, ஒரு பாஸ்தா, டிராமிசு. ரொம்பப் பசிக்குதுங்க."

"பசிக்குதுன்னு எழுத்துல குடுங்க."

அடுப்பு மணம் மூக்கைத் துளைத்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஆனால் பேனா கைக்கு வந்ததும் கை தானாக ஓடியது. 'பொருள்: பசி தொடர்பாக' என்று எழுதி, அடிக்கோடிட்டு, பார்வை எண் குறித்து, மூன்று பத்தியில் முடித்தார். அதைவிடத் திருத்தமான மனுவை அவரே வாழ்நாளில் பார்த்ததில்லை.

பரிமாறுபவர் திருப்பித் தந்தார். "கடைசியாச் சாப்பிட்டதுக்கு அத்தாட்சி எங்க? நாளைக்கு வாங்க."

கண்காணிப்பாளர் மனுவை மேலும் கீழும் பார்த்தார். அந்த மறுப்பில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அவராக இருந்தாலும் இதே காரணத்துக்குத்தான் திருப்பியிருப்பார்.

வாசலில் கருத்துப் புத்தகம் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு, 'டோக்கன் நல்லா இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.