மூட்டைக்குள் பச்சை

"ஐயய்யோ, பூஞ்சை!"

மாப்பிள்ளை அலறிய அலறலில், முட்டை போட உட்கார்ந்த கோழி ஒன்று மனதை மாற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

மில்லிலிருந்து வந்த தீவன மூட்டையைப் பிரித்தால் அங்கங்கே பச்சை. மாமனார் வெளியூர் போகும்போது கோழிப்பண்ணையை இவரை நம்பி விட்டுப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பண்ணை இவருக்கா, சகலைக்கா என்று முடிவாகிவிடும். இந்த நேரம் பார்த்தா பூஞ்சை விஷம் வரவேண்டும்?

"மில்லுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"கேட்டா ஒத்துக்குவானா? இயற்கையிலேயே இதுக்கு மருந்து இருக்கு. வீடியோ பார்த்திருக்கேன்."

சமையலறையில் இருந்த மஞ்சள் தூள் மொத்தமும் தீவனத்துக்குப் போனது. கோழிகள் தூளை உதறிவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றன.

"ஒட்ட மாட்டேங்குதே! சர்க்கரைத் தண்ணி தெளிச்சா ஒட்டும்."

ஒட்டத்தான் செய்தது. மறுநாள் தீவனம் கட்டிகட்டியாகி, தொட்டால் சுட்டது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அதில் ஒரு திருப்தி வேறு.

"பூஞ்சைன்னு சொன்னப்ப நம்புனியா? இப்பப் பாரு!"

"நேத்து இது இல்லையேங்க..."

"உள்ளே ஒளிஞ்சிருந்திருக்கு!"

அடுத்து பூண்டை அரைத்துக் கலந்தார். முட்டையெல்லாம் பூண்டு நாற்றம். வழக்கமாக வாங்கும் பேக்கரிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். விஷத்தை உறிஞ்சட்டும் என்று கரித்தூளையும் கொட்டினார். வெள்ளைக் கோழிகள் கன்னங்கரேலென்று திரிந்தன. முட்டை போடுவதையே நிறுத்திவிட்டன.

அந்தக் கோலத்தில்தான் மாமனார் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"மில்லுக்காரன் கெட்டுப்போன தீவனத்தை நம்ம தலையில கட்டிட்டான் மாமா! ஒரு கோழிகூட சாகாம காப்பாத்தியிருக்கேன்."

மாமனார் மூட்டைக்குள் கையை விட்டார். கை நிறையப் பூஞ்சை வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய மாப்பிள்ளையா இருந்தா பூட்டிட்டுக் கிளம்பியிருப்பார். இனிமே பண்ணை உங்களுதுதான் மாப்பிள்ளே," என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

மாப்பிள்ளை கையை நீட்டுவதற்கும் மில் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. டிரைவர் புது மூட்டையைத் தொப்பென்று இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன தடவையே சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேங்க. பூஞ்சை அண்டக்கூடாதுன்னு இப்பல்லாம் மில்லுலயே பச்சிலைப் பொடி கலந்துடறோம். அங்கங்க பச்சையா தெரியும், பயந்துடாதீங்க!"