சர்க்கரை இறங்கிவிட்டது, வண்டியைக் கூப்பிடுங்கள்!

ஏதாவது ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பக்தர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. மழையில் தொப்பலாக நனைந்துகொண்டே, "மழை வர வாய்ப்பு பத்து சதவீதம்தான்" என்று கைபேசியைக் காட்டிக் குடையை விரிக்க மறுப்பவரை நீங்கள் பார்த்ததில்லையா? அவரேதான். வெளியிடத்தில் இவர்களால் பெரிய ஆபத்தில்லை. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது.

நம் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இவருடைய அக்கா மகளுக்குப் பத்து வயதிலிருந்தே சர்க்கரை நோய். இரண்டு நாளாக வாந்தி. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?" என்று இன்சுலினை நிறுத்தச் சொன்ன மேதை இவர்தான். உடம்பு சும்மா இருக்குமா? சர்க்கரையைப் பயன்படுத்த வழியில்லாமல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற அமிலத்தை இரத்தத்தில் கொட்டித் தீர்த்தது. விடிந்தபோது, மூச்சிரைக்க அரை மயக்கத்தில் அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடந்தாள் பெண்.

சர்க்கரை ஐந்நூற்று இருபது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணிக்கொரு முறை நர்ஸ் விரலில் குத்திச் சொன்ன எண்ணை, தேர்தல் முடிவு போலக் குடும்பக் குழுவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். நானூற்றுப் பத்து! முந்நூறு! பதினோரு மணிக்கு இருநூற்று முப்பது.

"அக்கா, இறங்கிடுச்சு! பையைக் கட்டு. வண்டிக்குச் சொல்லிட்டேன்."

"டேய், அவ இன்னும் சரியா கண்ணே முழிக்கலையேடா."

"அவளைப் பாக்காதே, நம்பரைப் பாரு!"

அப்போது பார்த்து நர்ஸ் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். மாமா துள்ளி எழுந்தார்.

"என்னம்மா அநியாயம்! சக்கரை நோயாளிக்குச் சக்கரையே ஏத்துறீங்க? இதை இறக்க நாங்க பட்ட பாடு!"

"நீங்க எங்க சார் பட்டீங்க? அந்த நாற்காலி பட்டுது."

மாமாவின் கை குழாயை மூடப் போனது. நர்ஸ் பட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதை மூடினா, உள்ள ஓடுற இன்சுலின்ல சக்கரை தடால்னு விழும். இன்சுலினை நிறுத்தினா மறுபடி மூச்சு வாங்கும். கீட்டோன் இன்னும் நாலு புள்ளி ரெண்டு. அது அடங்குற வரைக்கும் இன்சுலின் ஓடணும், அதுக்குத்தான் இந்த குளுக்கோஸ்."

"சக்கரை குறைஞ்சா அதுவும் குறையாதா?"

"அது மெதுவாத்தான் வரும். தனியாப் பாக்கணும். ஆமா, ஊசியை நிறுத்துன்னு எந்தப் புண்ணியவான் சொன்னாரு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, மருமகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். வண்டிக்காரர் மூன்று முறை அழைத்தார், மாமா எடுக்கவில்லை.

மாலை ஏழு மணிக்குக் கீட்டோன் பூஜ்யம் புள்ளி ஐந்துக்கு இறங்கி அடங்கியது. டாக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். பெண் கண் திறந்து, "மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்து வரட்டும்" என்றாள். மாமா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்தவரிடம் போய், "சார், உங்க கீட்டோன் எவ்வளவு?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

சிரியுங்கள், தாராளமாக. அப்படியே ஒன்று சொல்லுங்கள்: போன வாரம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரரிடம் தெர்மாமீட்டரை நீட்டி, "நார்மல்தான், எழுந்திரிங்க" என்றது யார்?