கேமராவுக்குக் கால் வாங்கிய கதை

அட்பாஷி,
திங்கட்கிழமை.

அன்புத் தங்கை கனிஷாய்க்கு அக்கா பூருல்கான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகன் தாலாயும் மருமகள் மீரிமும் கொட்டிலில் இருக்கும் ஆடுகளும் சௌக்கியம். அங்கே தலாஸில் நீ சௌக்கியமாகவே இருக்கக் கூடாது என்று நேற்று மத்தியானம் வரை வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிவிட்டேன். காரணம் பின்னால் வருகிறது, பொறுமையாகப் படிக்கவும்.

போன மாதம் நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் பக்கத்து வயல்காரர் ஜொல்தோஷ், மனைவியை இழந்தவர், அடக்கமானவர், பீன்ஸ் நன்றாக விளைவிப்பவர், என்னைப் பற்றி விசாரித்தார் என்றாய். அவர் படத்தையும் அனுப்பினாய். டிராக்டர் முன்னாலும் மனிதர் பின்னாலும் நின்ற படம். டிராக்டர் எனக்குப் பிடித்திருந்தது. பதிலுக்கு என்னுடைய முழு உருவப் படம் ஒன்று, இப்போது எடுத்ததாக, தலைவாரி நல்ல உடுப்பில் இருப்பதாக அவர் கேட்கிறார் என்றாய். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நானும் சரி என்றேன். மாமியார் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறாள் என்று மீரிமுக்குத் தெரிந்தால் அப்புறம் நான் அவளிடம் போய், பூர்சோக் பலகாரம் கருகிவிட்டது, மாவை இன்னும் பிசைந்திருக்கணும் என்று எந்த முகத்தோடு சொல்வது?

என் போனில் எடுக்க முடியாது. அதில் எடுக்கிற படமெல்லாம் தானாகவே மகன் போனுக்கும் போய்ச் சேருகிற மாதிரி அவன் எதையோ இணைத்து வைத்திருக்கிறான். ஆகவே கால்நடை ஆபீஸில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபோது எனக்கே கொடுத்துவிட்ட அந்தச் சின்னக் கேமராவை எடுத்தேன். சோப்புக்கட்டி அளவுதான், ஆனால் நல்ல கேமரா. அதில் இருந்ததெல்லாம் ஆட்டு வாய், ஆட்டுக் குளம்பு, மறுபடி ஆட்டு வாய். தானே எடுத்துக்கொள்கிற வசதியும் இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நிற்க வேண்டும். எங்கே வைத்துவிட்டு ஓடுவது? மாவு டப்பா மேல் வைத்தேன், படத்தில் என் இடுப்பு மட்டும் விழுந்தது. தேநீர்க் கெண்டி மேல் வைத்தேன், மூடி வழுக்கிப் படத்தில் கூரை விழுந்தது. தலையணை மேல் வைத்தேன், நான் எங்கோ கப்பல் முழுகுகிற மாதிரி சாய்ந்து நின்றேன். சரி, இதற்கென்று மேஜை மேல் வைக்கிற மூணுகால் ஸ்டாண்டு விற்கிறார்களாமே, கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்துவிடலாம் என்று சனிக்கிழமை பஜாருக்குப் போனேன்.

டார்ச்சு, சார்ஜர் விற்கிற ஜூமாலியை உனக்குத் தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லது. ஒரு ஸ்டாண்டு கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே. கேமரா எவ்வளவு கனம், திருகு எந்த அளவு, எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள், நிற்கிறதா ஓடுகிறதா என்று பெண் பார்க்க வந்தவன் மாதிரி கேள்வி கேட்டான். சுற்றி நாலு பேர் நின்றார்கள். எனக்கு வாயில் வந்தது ஆட்டு வாய்தான். "ஆட்டு வாயைப் படம் எடுக்கணும்பா"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், அவன் மூணு ஸ்டாண்டையும் என் கேமராவையும் தூக்கிக்கிட்டு நேரா கறிக்கடை பக்கம் போயிட்டான், பின்னாலேயே நானும் ஓடினேன்.

கறிக்கடைப் பலகையில ஆட்டுத் தலைங்க வரிசையா இருந்துச்சு. அதுல ஒண்ணுக்கு முன்னால முதல்ல பிளாஸ்டிக் ஸ்டாண்டை நிறுத்தினான். கேமராவ மாட்டின உடனே அது மட்டமல்லாக்க விழுந்து, கேமரா நுரையீரல் தட்டுக்குள்ள போச்சு. தொடைச்சு எடுத்தோம். ரெண்டாவது, சிலந்தி மாதிரி வளையிற கால் வச்சது. கம்பி, கிளை, எதுல வேணும்னாலும் சுத்திக்கலாம்னான். சுத்திக்கிச்சு, நல்லாத்தான் நின்னுச்சு, ஆனா போகப்போகத் தலையக் குனிஞ்சு குனிஞ்சு அந்த ஆட்டுத் தலைக்கு சலாம் போட்டுச்சு. பழைய ஸ்டாண்டாம், மூட்டு தளர்ந்துபோச்சாம். மூட்டு தளர்ந்தது வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கேன்னு வேண்டாம்னுட்டேன். மூணாவது கட்டையா, குட்டையா, இரும்புல இருந்துச்சு. மடிச்சா ஒரு சாண். மேல உருண்டை மாதிரி ஒண்ணு, எந்தப் பக்கமும் திரும்பும், திருகை இறுக்கினா நின்ன இடத்துல நிக்கும். கறிக்கடைக்காரர் பலகைய ஓங்கிக் குத்திப் பார்த்தார். தலைங்க ஆடுச்சு, ஸ்டாண்டு ஆடல. அதையே வாங்கிக்கிட்டேன். கிளம்பும்போது ஒருத்தர், "டாக்டரம்மா, ஆடுங்களுக்கு வாயில ஏதாவது வந்திருக்கா?"ன்னு கேட்டார். வீட்டுக்குப் போற அவசரத்துல "பார்த்துட்டுத்தான் சொல்லணும்"னேன். கனிஷாய், இந்த ஒரு வார்த்தையத்தான் நான் சொன்னேன். உன் மேல ஆணை.

நேத்து ஞாயித்துக்கிழமை. ஆட்டுச் சந்தை நாள். மகன் லாரி எடுத்துட்டுப் போயிட்டான், மீரிம் சந்தைக்குப் போயிட்டா. வீட்டுல நான் மட்டும். நீலவெல்வெட் உடுப்பைப் போட்டேன். இடுப்புல ஏறுச்சு, ஆனா மூச்சு விடுறது உன் பொறுப்புன்னு சொல்லிடுச்சு. மேஜைய முற்றத்துக்கு இழுத்து, ஸ்டாண்டை வச்சுப் பார்த்தா, அவ்வளவு தாழ்வா இருந்து எடுக்கிறதுல என் தாடை மட்டும் மலை மாதிரி தெரியுது, அதுக்குப் பின்னால எங்கேயோ தூரத்துல மூக்கு. அதனால மேஜை மேல பெரிய வாணலியக் கவிழ்த்து, அது மேல ஸ்டாண்டை நிறுத்தினேன். பிரமாதமா நின்னுச்சு. பொத்தான அழுத்தினேன், சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பிச்சுது, பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடிப்போய் முகத்துல அடக்கம் வரவழைச்சுக்கிட்டு நின்னா, வாசக்கதவு திறக்குது.

முன்னால புது கால்நடை டாக்டர், எனக்கப்புறம் அந்த நாற்காலிக்கு வந்த பையன். அவன் பின்னால பெக்போ. ஆட்டு வியாபாரிங்கள்ல நல்ல மனுஷன்னு பேர் எடுத்தவன். அவனுக்குப் பின்னால பாதிச் சந்தை. கேமரா 'கிளிக்'குன்னுச்சு. அந்தப் படத்த நான் உனக்கு அனுப்பல.

நடந்தது என்னன்னா, என் ஆட்டு வாய் கறிக்கடையத் தாண்டும்போது கோமாரி நோய் ஆயிடுச்சு. பஜாரைத் தாண்டும்போது 'டாக்டரம்மா ரகசியமாப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புறாங்க'ன்னு ஆயிடுச்சு. காலையில சந்தையில வெளியூர் லாரிக்காரங்க, நோய் ஆட்டுக்கு யார் அந்த விலை குடுப்பான்னு பாதிக்கும் கீழ கேட்டிருக்காங்க. கொஞ்ச பேர் லாரிய அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. புது டாக்டர் முகம் வெளுத்துப்போய் நின்னான். எந்த மந்தையில பார்த்தீங்கன்னு சொல்லுங்க, இல்லேன்னா சந்தைய மூடி எல்லா மந்தையையும் தடுத்து வைக்க வேண்டியதுதான், எனக்கு வேற வழியில்லேங்கறான். பெக்போ தொப்பியக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறான். மலை மேலேர்ந்து ஓட்டிக்கிட்டு வந்த ஆடுங்க, குளிர்காலத்துக்கு அவன் வீட்டுக்கு அதுதான் மாவு, அதுதான் அடுப்புக்கரி. நான் ஆபீசுல இருந்த காலத்துல என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு, கனிஷாய். அந்த மதிப்பாலதான் இவ்வளவும் நடந்துச்சு. கூட்டத்துக்குப் பின்னால எட்டிப் பார்த்தா மீரிம் நிக்கிறா. கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. பாவம், மாமியாருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சேன்னு பயந்துட்டான்னு நினைச்சேன்.

ஒரு நிமிஷம் யோசிச்சேன், பொய்யே சொல்லிடலாமான்னு. அப்புறம் சொன்னேன்: "எந்த ஆட்டுக்கும் ஒண்ணும் இல்ல. ஸ்டாண்டு எனக்கு. தலாஸ்ல ஒருத்தர் என்னைக் கட்டிக்கக் கேட்டிருக்கார். அவருக்கு அனுப்பப் படம் எடுக்கிறேன்."

ஒருத்தரும் மூச்சு விடல. வெல்வெட் உடுப்புனால நானும் விடல. கடைசியில பெக்போதான் கேட்டான், அப்போ ஆட்டுத் தலைய எதுக்குப் படம் பிடிச்சீங்கன்னு. ஸ்டாண்டு நிக்குதான்னு பார்க்கன்னேன். யோசிச்சுப் பார்த்துட்டு, நியாயந்தான்னான். புது டாக்டர், பீதிக்குக் காரணம்னு அறிக்கையில என்ன எழுதறதுன்னு கேட்டான். 'மறுமணம்'னு எழுதுன்னு ஒரு கிழவர் சொன்னார், அதுலேர்ந்து சிரிப்பு கிளம்பிச்சு. அந்தச் சிரிப்பு சந்தைக்குப் போய்ச் சேர்ந்த வேகத்துக்குக் கோமாரி ஒண்ணுமே இல்ல. லாரிங்க திரும்பி வந்துச்சு, விலையும் வந்துச்சு. பெக்போவோட ஆடு சாயங்காலத்துக்குள்ள முழுக்கப் போயிடுச்சாம்.

அதுக்கு முன்னால படம் எடுக்காம அவனுங்க வெளியில போகல. ரெண்டு பேர் பின்னால கம்பளத்தப் பிடிச்சாங்க. மீரிம் சீப்பக் கொண்டுவந்து என் தலையச் சீவி, காலர மடிச்சு விட்டா. ஆனா முகத்தை மட்டும் என்கிட்ட காட்டல. புது டாக்டர் திருகை இறுக்கினான். பெக்போ சும்மா இருக்காம, "வாயத் திறந்து பல்லைக் காட்டுங்க டாக்டரம்மா, பல்லைப் பார்க்காம வயசு எப்படித் தெரியும்?"ங்கறான். அதுக்குச் சிரிச்சப்பதான் கேமரா கிளிக்குன்னுச்சு. பஜாருல அச்சடிச்சு வாங்கிப் பார்த்தேன். அடக்கம் இல்ல, தாடை ரெண்டு இருக்கு, வாய் காது வரைக்கும் இருக்கு. ஆனா என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் நான் இப்படிச் சிரிப்பேன்னு எனக்கே தெரியாது.

தாலாய் வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டு, நேராப் போய் விறகு பிளந்தான். இருந்த விறகையெல்லாம் பிளந்துட்டு வந்து, "குடிப்பாரா?"ன்னு கேட்டான். தெரியாது, டிராக்டர் ஓட்டுவார்னேன். சரி, லாரி ஓட்டத் தெரியுமான்னு நான் கேட்டுக்கறேன்னான். அதுதான் அவன் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஆகவே, தங்கையே, உன்னால்தான் இத்தனையும் என்று முதலில் கோபம் இருந்தாலும், நீ என் ரகசியத்தை இன்றுவரை காப்பாற்றி வைத்திருந்த பெருந்தன்மையை நினைத்து மனம் இளகிவிட்டது. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜொல்தோஷ் அவர்களிடம் பதமாகக் கொடுக்கவும். உன் அடுப்பு அணையாமலும், உன் வீட்டுக்காரர் வாய் மட்டும் அவ்வப்போது அணைந்தும் இருக்க வாழ்த்துகிறேன். உங்கள் பீன்ஸை மழை கெடுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் பாசம் மாறாத அக்கா
பூருல்கான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மீரிம் தேநீரோடு வந்து, கடிதம் யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள் தேநீர் ஆறும் வரை நிறுத்தவில்லை. என்னிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனை வைத்த கையோடு நீ அவளுக்குப் போன் போட்டுவிட்டாயாமே. ஜொல்தோஷ் படமே கேட்கவில்லையாம். "படம் கேட்டாத்தான் அத்தை தலை சீவுவாங்கன்னு சின்ன அத்தை சொன்னாங்க"ங்கறா. மாவு டப்பா மேல கேமராவ வச்சதிலேர்ந்து அவ ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாளாம். எடுத்துக் குடுக்கட்டுமான்னு கேட்க வாய் வந்துச்சாம், நீதான் போன்ல வேண்டாம், பாவம் அவ போக்குல விடுன்னியாம். மேலே எழுதின வாழ்த்து எல்லாத்தையும் அடிச்சுட்டதா எடுத்துக்கோ. பாசம் மாறாதங்கறதையும் சேர்த்து. சனிக்கிழமை ஜொல்தோஷ் பக்கத்து ஆளுங்க நிச்சயம் பண்ணி எனக்குத் தோடு போட வர்றாங்களாம், அதையும் மீரிம்தான் சொன்னா. என் காது ஓட்டை எப்பவோ தூர்ந்துபோச்சு. வீட்டுல இருக்கறது ஆட்டுக் காதுல நம்பர் வில்லை குத்துற இடுக்கி மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல ஊசி ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்து சேர். முதல்ல உன் காதுல இடுக்கி வேலை செய்யுதான்னு பார்க்கணும்.