நோர்வே மட்காட்டும் உடுவில் செம்மண்ணும்

உடுவில்,
மார்கழி மாதம்.

அன்பு மருமகன் சிவரூபனுக்கு,

மாமா தில்லைநாதன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் எனக்கும் உமது மாமி இராசமலருக்கும் முழங்கால்கள் நீங்கலாக மற்றெல்லாம் சுகம். நோர்வேப் பனியில் நீரும் என் மகள் மதுராவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க. போனில் சொல்லலாம்தான், ஆனால் மாமி இடையில் பறித்து என்னைக் குற்றவாளியாக்கிவிடுவா. ஆகவே கடிதம்.

விஷயம், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது நீர் விட்டுச்சென்ற சைக்கிள் பற்றியது. கோடையில் அதில் ஒரு குறையும் இல்லை. மாரி மழை தொடங்கிய பிறகுதான், அதில் இல்லாத மட்காட்டின், அதாவது சேறு தடுக்கிற தகட்டின், அருமை தெரிந்தது. கோயிலுக்கு வெள்ளை வேட்டியோடு போனால், பின்சில்லு அள்ளி எறிகிற சேறு முதுகில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடும். முன்னால் பார்த்தால் விபூதி, பின்னால் பார்த்தால் நாமம். திருவெம்பாவைக் குழுவை நடத்துகிற குணலட்சுமி ரீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா: "தில்லைநாதன் அண்ணை, இந்த முறை நேரத்துக்கும் துப்புரவாயும் வந்தால்தான் சங்கு உங்களுக்கு. இல்லாட்டி சுபாஸ்கரனிட்டைக் குடுத்துப்போடுவன்." சுபாஸ்கரன் பக்கத்து வீட்டுக்காரன். அவன் ஊதினால் சங்கில் காற்றுத்தான் வரும். விடியப்புறம் ஊரை எழுப்புகிற அந்தச் சங்கை நான் இதுவரை எவரிடமும் கொடுத்ததில்லை. அது போனால் மார்கழி எனக்கு வெறும் மழை மாதம்.

ஆகையால்தான் உம்மிடம் மட்காட் கேட்டேன். நீரும் அனுப்பினீர். சில்லு ரயருக்கு மேலே இடம் குறைவு, சுண்டுவிரல் போகிற அளவாவது விட்டுப் பூட்டுங்கள் என்றும் சொன்னீர். மறுக்கவில்லை. ஆனால் நான் நில அளவைக் கந்தோரில் படம் கீறிப் பென்சன் எடுத்தவன். இடம் விட்டால் அந்த இடத்தால் தண்ணீர் வரும்தானே? அரத்தால் ராவி, கம்பியை வளைத்து, ஒரு கலியாணக் காட் மட்டும் நுழையும் அளவுக்கு நெருக்கிப் பூட்டினேன். விறாந்தையில் வைத்துச் சில்லைச் சுற்றினேன், சத்தமே இல்லை. மதிலால் எட்டிப் பார்த்த சுபாஸ்கரன், "அண்ணை, உது காய்ஞ்ச விறாந்தை. எங்கடை செம்மண் உதுக்குள்ளை போனால் வெளியிலை வராது" என்றான். "பனியையே தாங்கின சாமான். நீ உன்ரை வேலையைப் பார்" என்றேன். சங்கில் கண் வைத்துக்கொண்டு கதைக்கிறான் என்று நினைத்தேன்.

திருவெம்பாவை தொடங்க முதல்நாள், அதாவது நேற்றுப் பின்னேரம், ஒத்திகைக்குச் சங்கைப் பையில் போட்டுக்கொண்டு மழைக்குள் வெளிக்கிட்டேன். தார் றோட்டில் ஒரு துளி முதுகில் படவில்லை. உம்மை மனதுக்குள் வாழ்த்தினேன். பிறகு செம்மண் ஒழுங்கைக்குள் திரும்ப, சில்லு முதலில் முனகி, பிறகு இறுகி, சரியாகத் தம்பிராசா அண்ணையின் வீட்டு வாசல் படலையடியில் அப்படியே நின்றுவிட்டது. மட்காட்டுக்குள் செம்மண் அடைத்துவிட்டது, முன்னுக்கும் போகாது பின்னுக்கும் போகாது, தூக்குவமென்றால் முழங்கால் விடாது, போன் நனையுமென்று வீட்டில் வைத்துவிட்டேன், கூப்பிட்டால் மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையில் இருந்தது சங்குதான். யாராவது வரட்டுமென்று நீட்டி நீட்டி ஊதினேன்.

அந்தப் படலைக்குள் யார் கிடக்கிறார் என்பது ஊதி முடிந்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. தம்பிராசா அண்ணை ஐப்பசியில் வழுக்கி விழுந்தவர். எலும்பு பொருந்திவிட்டது, எழும்பி நடக்கலாமென்று டாக்குத்தர் சொல்லியும், "இனி நடந்து எங்கை போக" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிற மனிசன். திருவெம்பாவை தொடங்காத நாளில் ஒரு வீட்டுப் படலையில் நின்று சங்கூதினால், நம்மூரில் அது செத்தவீடுதான். அயலட்டைப் பெண்கள் மழையையும் பாராமல் ஓடி வந்தார்கள். பந்தல் போடக் கயிற்றோடு நாலு பேர் வந்தார்கள். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற பத்மாவதி அக்கா, புருஷன் தனக்குத் தெரியாமலே போய்விட்டாரென்று அங்கிருந்தபடியே ஒப்பாரி தொடங்கிவிட்டா. அந்த நேரம் பார்த்து, ஒரு கையால் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி, தம்பிராசா அண்ணை முற்றத்தைத் தாண்டிப் படலைக்கு நடந்து வந்தார்.

"ஆரடா மோசம் போனது?"

"ஒருத்தருமில்லை அண்ணை. மட்காட் இறுகிப்போச்சு."

அவர் திட்டிய திட்டை எழுதமாட்டேன். மதுராவும் இதைப் படிப்பாள்.

பந்தல் போட வந்த நாலு பேரும் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, நான் பின்னால் நடந்து கோயிலுக்குப் போனேன். நேரமும் பிந்தி, வேட்டியும் சேறு. ரீச்சர் கையை நீட்டினா. சங்கைக் கொடுத்தேன். இன்று விடிய சுபாஸ்கரன் ஊதிக்கொண்டு போனதைப் படுக்கையில் கிடந்து கேட்டேன். அழுதுபோட்டேன், மருமகன். மாமி பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவாக எழுதுகிறேன். அடுத்தமுறை வரும்போது அந்த மட்காட்டையும் சைக்கிளையும் கொண்டுபோய்விடும். இனி நான் அதையும் தொடேன், சங்கையும் தொடேன்.

குளிருக்கு உடுத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, பிள்ளையார் காவலில் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமா
தில்லைநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் பத்மாவதி அக்கா வந்திட்டுப் போறா. விடிய சுபாஸ்கரன் ஊத, அண்ணை எழும்பவே இல்லையாம். "உது ஆரின்ரை சங்கு? தில்லை வந்து என்ரை படலையிலை நிண்டு ஊதட்டும், எழும்பி வாறன்" எண்டிட்டுத் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிட்டாராம். அதைக் கேட்டு ரீச்சரே சங்கை வீட்டை கொண்டுவந்து தந்திட்டா. ஆனபடியால் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம். மட்காட்டும் இறுக்கினபடியே இருக்கட்டும். தளர்த்தினால் அது அண்ணையின்ரை படலையடியிலை நிக்காது.